வெட்டும் முன் அரை மணி நேரம்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் 4-வது வியாழக்கிழமை, நன்றி கூறும் நாள். குடும்பம் முழுக்க ஒரே வீட்டில் கூடும். அடுப்பிலிருந்து முழு வான்கோழி பொன்னிறமாக வெளியே வரும். எல்லோருக்கும் பசி. கை உடனே கத்தியைத் தேடும்.

கொஞ்சம் பொறுங்கள். அரை மணி நேரம் அதை அப்படியே விடுங்கள். பிரியாணியை இறக்கியதுமே கிளறுவோமா? தம் அடங்கட்டும் என்று விடுவோம் இல்லையா? இதுவும் அப்படித்தான். சுடச்சுட வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும், கறி வறண்டு போகும். ஆறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரிய பறவை, சூட்டை எளிதில் விடாது. அதற்குள் தட்டில் வடிந்த சாற்றில் கிரேவி செய்துவிடலாம்.

பிறகு கத்தியை எடுங்கள். எலும்பை வெட்டாதீர்கள், மூட்டைத் தேடுங்கள். மூட்டில் கத்தி வைத்தால் கால் தானாகப் பிரியும்.

நெஞ்சுக்கறியை எலும்போடு வைத்தே நீளவாக்கில் சீவுவது பலருக்குப் பழக்கம். அதைவிட, முழுத் துண்டாக எலும்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பலகையில் வைத்து, நாருக்குக் குறுக்கே வில்லை போடுங்கள். நினைவிருக்கட்டும், நாருக்குக் குறுக்கே. அப்போதுதான் கறி மெத்தென்று இருக்கும். தாத்தா பாட்டியும் சிரமமில்லாமல் மெல்லலாம். ஒவ்வொரு வில்லையிலும் மொறுமொறுப்பான தோலும் கொஞ்சம் வரும்.

தட்டில் வெள்ளைக்கறி ஒரு பக்கம், தொடைக்கறி ஒரு பக்கம். பிடித்ததை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். எலும்புகளை எறிய வேண்டாம், மறுநாள் சூப்புக்கு ஆகும்.