அயலூர் மருத்துவமனையில் நாம்

மருத்துவமனையின் பதிவு முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தர் முதலில் கேட்பது நோயை அன்று, பெயரை. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்குத் தொல்லை தொடங்கும் இடமும் அதுவே. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தையார் மாடசாமி. ஊரில் அவர் மா. முருகன். ஆதார் அட்டையிலோ தலைப்பெழுத்துப் பெயருக்குப் பின்னே போய் நிற்கிறது. மும்பையிலும் தில்லியிலும் பல கணினிகள் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டத்தைக் காட்டி, அதை நிரப்பினாலன்றி மேலே செல்ல மறுக்கின்றன. ஓர் எழுத்தர் அதில் மாடசாமி என்று இடுகிறார். ஆறு திங்கள் கழித்து வேறோர் எழுத்தர் ஓர் எழுத்தை மட்டும் இட்டு நிறுத்துகிறார். ஒரே மனிதர் இரண்டு நோயாளிகளாகி விடுகிறார். முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனை ஒரு முருகன் கணக்கில். இன்று எழுதப்படும் மருந்து மற்றொரு முருகன் கணக்கில். பெண்மணிகள் நிலை இன்னும் இடர்ப்பாடானது. திருமணத்துக்கு முன் தந்தையின் எழுத்து, பின்னர்க் கணவரின் எழுத்து. நம்மவர்க்குத் தலைப்பெழுத்தே தலையெழுத்தாகி விடுகிறது என்று எங்கள் அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் காப்பீட்டுப் பணம் பெயர் பொருந்தவில்லை என்ற காரணத்தால் நின்றுபோகும் நாளில் அது வேடிக்கையாக இருப்பதில்லை.

ஆகவே நாங்கள் முதலிற் சொல்லுவது இது. ஆதாரில் உள்ள எழுத்துக் கோவை எதுவோ அதுவே எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கட்டும். பதிவுச் சீட்டு கைக்கு வந்தவுடன், முகப்பை விட்டு நகருமுன், அதைப் படித்துப் பாருங்கள். பிழையிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வரிசையில் பின்னிற்போர் முணுமுணுக்கட்டும்.

ஒருவருடைய மருத்துவ ஏடுகள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதை ஒருசேர இணைக்கும் நோக்கத்துடன் 2021 செப்டம்பர் 27-ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பெற்றது. இதன் வாயிலாக எவரும் 14 இலக்கங்கொண்ட 'ஆபா' எண்ணைக் கட்டணமின்றிப் பெறலாம். இதைப் பற்றி மக்களிடையே இரண்டு மயக்கங்கள் உள. இது காப்பீட்டு அட்டை என்று கருதுவோர் பலர், அன்று. இதைக் காட்டினால் ஒரு காசும் குறையாது. நம் ஏடுகள் யாவும் தலைநகரில் ஒரு பெட்டகத்தில் குவிக்கப்படுகின்றன என்று அஞ்சுவோர் சிலர், அதுவும் அன்று. எந்த மருத்துவமனையில் ஓர் ஏடு உண்டாயிற்றோ அங்கேயே அது இருக்கிறது. எண் அதற்கு வழிகாட்டும் முகவரி மாத்திரமே. வேறொரு மருத்துவர் அதைப் பார்க்க வேண்டுமாயின் நம்முடைய இசைவு வேண்டும். அவ்விசைவை நாம் பின்னர்த் திரும்பப் பெறவும் இயலும். எண் பெறுவது கட்டாயமும் அன்று.

2022 அக்டோபரில் தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு வசதி தொடங்கிற்று. நோயாளி தம் கைப்பேசியால் முகப்பிலுள்ள குறியீட்டைப் படம்பிடித்தால், அவர் விவரங்கள் எழுத்தரின் கணினிக்குத் தாமே செல்கின்றன. பெயரைப் பிறர் காதால் கேட்டுத் தட்டச்சிட வேண்டுவதில்லை. தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை இது பெருநன்மை என்றே கொள்கிறோம். ஆனால் ஒன்றைக் கூறாதிருக்க முடியாது. தெருமுனையிலுள்ள சிறு மருத்துவரிடம் கணினியே இல்லையாயின் அவர் எழுதிய சீட்டு எந்த எண்ணோடும் தானாக இணையாது. எண் இருக்கிறது என்பதற்காகக் காகிதத்தைக் களைந்துவிட வேண்டாம்.

காகிதம் எதற்கு என்று கேட்பவர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்ட ஒருவர் இரத்தம் உறையாதிருக்க வார்பரின் என்னும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கிறார். அதன் அளவை ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைக் கொண்டு அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் கொடுப்பார்கள். அளவு மிகுந்தால் இரத்தப் பெருக்கு, குறைந்தால் வால்வில் உறைகட்டி. இத்தகையவர் வேலை நிமித்தம் அயலூர் வந்து, ஒருநாள் விழுந்து தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். உடன் வந்தவர்க்குத் தெரிந்தது, "இருதயத்துக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார்" என்பது மட்டுமே. இருதயத்துக்குரிய மாத்திரைகள் எத்தனையோ. மருத்துவர்க்கு அக்கணமே தெரியவேண்டிய செய்தி அந்த ஒரு பெயரும் கடைசி ஐ.என்.ஆர். எண்ணுமே. சட்டைப் பையில் நான்கு வரி எழுதிய ஒரு தாள் அங்கே பெருங்கருவிகளுக்கு முந்திக்கொள்ளும். நோயின் பெயர், மருந்தின் மூலப்பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து, வீட்டாரின் தொலைபேசி எண். தமிழில் ஒருபுறம் நமக்காக, ஆங்கிலத்தில் மறுபுறம் மருத்துவர்க்காக. வணிகப் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம், மூலப்பெயர் மாறாது.

இனி மொழியைப் பற்றி. எங்களை மிகவும் வருத்துவது இதுவே. தாய்க்குக் கருப்பைக் கோளாறு. தாய்க்கு இந்தி தெரியாது. பள்ளியில் இந்தி பயிலும் பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். மருத்துவர் கேட்கும் கேள்வியைக் குழந்தை தாயிடம் சொல்ல வேண்டும். தாயின் விடையைக் குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். தாய் நாணத்தால் பாதியை மறைக்கிறாள். குழந்தை புரியாமல் மீதியை மாற்றிச் சொல்கிறது. மருத்துவரோ தமக்குக் கிடைத்ததைக் கொண்டு மருந்து எழுதுகிறார். இதில் எவரைக் குறை கூறுவது? அவ்விடத்தில், "தமிழ் அறிந்த செவிலியர் எவரேனும் உளரா?" என்று கேட்க வேண்டும். வடநாட்டுப் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் கேரளத்துச் செவிலியர் இருக்கிறார்கள்; அவர்களிற் பலருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். கேட்டால் ஐந்து நிமிடம் வந்து நிற்பார்கள். கேளாதவர்க்கு எவரும் வருவதில்லை.

மருத்துவர் கூறியதை விடைபெறுமுன் நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பது நல்ல வழக்கம். "காலையில் ஒன்று, இரவில் பாதி, பத்து நாள். சரிதானே, ஐயா?" இதைக் கேட்டுச் சினங்கொள்ளும் மருத்துவரை நாங்கள் அரிதாகவே கண்டிருக்கிறோம். எங்கள் கணினிகள் வந்த பிறகு மருத்துவரின் கண் திரையிலேயே பதிந்திருக்கிறது என்று நோயாளிகள் குறைப்படுகிறார்கள், அக்குறை நியாயமானதே. கேள்வி ஒன்று எழுந்தால் அக்கண் திரும்பும்.

கேட்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்ற ஐயம் வேண்டா. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி தம் ஏடுகளைக் கோரினால் 72 மணி நேரத்துக்குள் அவை வழங்கப்படல் வேண்டும். எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். 1989-இல் உச்ச நீதிமன்றம், உயிருக்கு ஊறு நேர்ந்த வேளையில் அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் முதலிற் சிகிச்சை அளிப்பதே கடமை என்று தீர்ப்பளித்தது. 2008-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், நோயைக் கண்டறியும் சோதனைக்குத் தந்த இசைவு அறுவை சிகிச்சைக்குத் தந்த இசைவாகாது என்று தெளிவுபடுத்திற்று. அவ்வழக்கில் நோயாளி மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையை அகற்றியிருந்தனர். ஆங்கிலப் படிவத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிடும் நம் வழக்கத்தை எண்ணிப் பார்க்கையில் இத்தீர்ப்பு எத்துணை முக்கியமானது என்பது விளங்கும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. நோயின் விவரம் நோயாளி அறிந்த மொழியில் விளக்கப்பட வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். சாசனம் தானே சட்டமாகிவிடாது என்பது மெய்யே. ஆயினும் அதைச் சுட்டிக் கேட்கும் நோயாளியை எந்த நிருவாகியும் எளிதில் தட்டிக்கழிப்பதில்லை.

கட்டணம் பெறும் மருத்துவமனையின் சேவைக் குறை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பது 1995-இலேயே முடிவான செய்தி. எல்லார்க்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் இதில் அடங்கா. 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ, முறையீடு செய்பவர் வசிக்கும் ஊரிலேயே, அல்லது பிழைப்பு நடத்தும் ஊரிலேயே, அம்முறையீட்டைப் பதிவு செய்ய இடமளித்துள்ளது. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதைவிட வசதி வேறென்ன?

2018 செப்டம்பர் 23-ஆம் நாள் ராஞ்சியில் தொடங்கப்பெற்ற ஜன் ஆரோக்கிய யோஜனா என்னும் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பம் ஓராண்டில் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறலாம். திட்டத்தில் சேர்ந்த பிற மாநிலங்களில், அதன் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளிலும் இது செல்லும். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இதனோடு இணைக்கப்பட்டிருப்பினும், மாநில அட்டை ஒன்று கையிலிருப்பதே போதும் என்று எண்ணிவிடலாகாது. தம் குடும்பம் தேசியப் பட்டியலில் உளதா என்பதை 14555 என்னும் எண்ணில் கேட்டறிக. வெளிநோயாளியாக வாங்கும் அன்றாட மாத்திரைக்கு இது உதவாது.

வேலூருக்குச் சென்றவர்கள் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சூழ்ந்த தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகளைக் கண்டிருப்பர். வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவோர் ஆண்டாண்டாகக் கேட்டுக் கேட்டே அம்மொழிக்கு அங்கே இடம் உண்டாயிற்று. அவர்கள் கையில் பழைய ஏடுகள் அடங்கிய உறை ஒன்று தவறாமல் இருக்கும். நம்மவர் பொங்கலுக்கு ஊர் செல்லும்போது புடவையும் இனிப்பும் எடுத்துச் செல்கிறார்கள். மருத்துவமனை கொடுத்த விடுவிப்புக் குறிப்பு மட்டும் அறையிலுள்ள பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஊரில் காய்ச்சல் கண்டால் அங்குள்ள மருத்துவர் அதைத்தான் முதலிற் கேட்பார். இவ்வாண்டு புடவைக்கு அடியில் அதையும் வைத்துக் கட்டுங்கள்.