ஆடிக்கும் உண்டு மடி

(சங்கத்தின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



வீட்டிலேயே தொலைநோக்கி செய்வது பற்றிப் பேசச் சொன்னீர்கள். கிடைத்திருப்பது சில நிமிஷங்கள். ஆகவே ஒரே ஒரு விஷயம். ஆடியில் கீறல் விழாமல் மெருகேற்றுவது எப்படி? விடுமுறையில் ஆர்வமாக ஆரம்பிக்கும் பிள்ளைகள், ஒரு கீறலைப் பார்த்ததும் மனம் உடைந்து கண்ணாடியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் வேலையின் கிரமம். 6 அங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் சிலிக்கான் கார்பைடு பொடியும் தண்ணீரும் இட்டுத் தேய்த்தால் மேல் வட்டு குழியும். 80-ஆம் நம்பர் பொடியில் தொடங்கி 120, 220, 400, 600 என்று நைஸான பொடிகளுக்குப் போகிறோம். கடைசியில், அடி வட்டின்மேல் பிட்ச் உருக்கி ஊற்றி, சீரியம் ஆக்ஸைடு இட்டு மெருகேற்றுகிறோம். கீறலுக்குப் பயப்பட வேண்டிய கட்டம் இதுதான்.

80-ஆம் நம்பர் பொடியின் ஒரு துகள் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். சீரியம் துகளோ அதில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். பழைய துகள் ஒன்று பிட்ச்சில் சிக்கிக்கொண்டால், ஏர்போல உழுதுவிடும்.

இதற்கு மருந்து நமக்குத் தெரிந்த மடிதான். மடி என்றாலே இன்று வீட்டுக் குழந்தைகள் சிரிக்கிறார்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு. கண்ணாடி ஜாதி, குலம் கேட்பதில்லை. கை சுத்தத்தை மட்டுமே கேட்கிறது.

ஒவ்வொரு பொடி முடிந்ததும் கண்ணாடி, மேஜை, கை எல்லாவற்றையும் அலம்பி, விரித்த பேப்பரை எறிந்துவிடுங்கள். நகத்தை வெட்டுங்கள். மெருகு வேலைக்கு வேறு அறை, வேறு வாளி, வேறு துணி. குளித்து உடை மாற்றிக்கொண்டு உட்காருவது உத்தமம். மின்விசிறியை நிறுத்துங்கள். கூரான விளிம்பிலிருந்து கண்ணாடிச் சில்லு உதிரும். ஆகவே ஈரச் சாணைக்கல்லால் அதை முன்கூட்டியே சரிவாக மழுக்கி வைக்க வேண்டும். சீரியத்தைத் தண்ணீரில் கலக்கிக் குலுக்கி, அரை நிமிஷம் விட்டு, மேலே கலங்கலாக நிற்பதை மட்டும் வேறு பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். கனத்த துகள் அடியில் தங்கிவிடும். பிட்ச்சை உலர விடாதீர்கள். வேலை இல்லாதபோது மூடி வையுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் 'கிர்' என்று சத்தம் கேட்டால், கையை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டையும் அலம்பி, பிட்ச்சை வெளிச்சத்தில் பார்த்து, துகள் சிக்கிய இடத்தை பிளேடால் சுரண்டி எடுத்தபின் தொடருங்கள்.

கீறல் விழுந்தே விட்டதா? கணக்குப் போடுவோம். 5 சென்டிமீட்டர் நீளம், 0.02 மில்லிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் ஆடியின் பரப்போ 17,600 சதுர மில்லிமீட்டருக்கும் மேல். நஷ்டமாகும் ஒளி அற்பம். சனியின் வளையம் அதே தெளிவோடு தெரியும். குழிவு தப்பானால்தான் உருவம் கலங்கும். எனவே ஒரு மெல்லிய கீறலுக்காக மீண்டும் முரட்டுப் பொடிக்குத் திரும்ப வேண்டாம்.

காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி பெங்களூரில்தான் மெருகேறியது. நம் நாட்டுக் கைகளுக்கு இது புதிதல்ல. பேரன் பேத்திகள் கண்ணாடி தேய்க்க உட்கார்ந்தால், தாத்தா பாட்டிகள் சுத்தத்துக்குக் காவல் இருங்கள். கீறல் விழுந்தால், "பரவாயில்லை, மேலே செய்" என்று சொல்வதும் உங்கள் பொறுப்பே.