எழுத்துப் பிழையும் வாய்மைப் பிழையும்

அமெரிக்க நாட்டில் சட்டம் பயில விழையும் மாணவர், பொதுவாக இளங்கலைப் பட்டம் பெற்ற பின்னரே மூன்றாண்டுச் சட்டப் படிப்பிற்கு விண்ணப்பிக்கின்றார். அவ்விண்ணப்பங்கள் பெரும்பாலும் எல்.எஸ்.ஏ.சி. என்னும் சட்டப்பள்ளிச் சேர்க்கை அமைப்பின் வாயிலாகக் கணினி வழியே அனுப்பப்படுகின்றன. 120 முதல் 180 வரை மதிப்பெண் வழங்கும் எல்சாட் தேர்வின் முடிவு, கல்லூரி மதிப்பெண் சான்று, ஆசிரியர்தம் பரிந்துரை மடல், தம்மைப் பற்றிய கட்டுரை ஆகியவை அவற்றோடு சேரும். அனுப்பிய பின்னர் மாணவரே அதைத் திறந்து திருத்த இயலாது. கவலை பிறக்கும் இடம் அதுவே.

பல வாரங்கள் உழைத்து எழுதிய கட்டுரையை அனுப்பிய அன்றிரவே மாணவர் மீண்டும் படிக்கின்றார். ஒரு சொல் இருமுறை வந்துள்ளது. ஓர் எழுத்து விடுபட்டுள்ளது. உறக்கம் நீங்குகிறது. எதிர்காலமே இருண்டுவிட்டதாக உள்ளம் நடுங்குகிறது.

இந்நிலையில் பிழைகளைத் தரம் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, எழுத்துப் பிழை. கருத்தைச் சிதைக்காத ஒன்றிரண்டு பிழைகளால் மட்டும் நல்ல விண்ணப்பம் தள்ளப்படுவது அரிது. அதற்கென மன்னிப்பு மடல் எழுதுவது, கண்ணிற்படாத பிழையைச் சுட்டிக்காட்டுவதாகவே முடியும். அதை அப்படியே விட்டுவிடுதல் நன்று.

இரண்டாவது, கருத்தைக் கெடுக்கும் பிழை. ஒரு பள்ளிக்குரிய கட்டுரையில் வேறொரு பள்ளியின் பெயர் அமைந்துவிடுதலும், தவறான கோப்பை இணைத்துவிடுதலும் இவ்வகையின. சேர்க்கை அலுவலகத்திற்குச் சுருக்கமான மடல் ஒன்று எழுதித் திருத்திய படியை ஏற்குமாறு ஒருமுறை வேண்டலாம்.

மூன்றாவது, உண்மைக்கு மாறானது. கல்லூரியில் பெற்ற ஒழுங்கு நடவடிக்கை, காவல் துறை வழக்கு முதலியன பற்றி விண்ணப்பத்தில் வினாக்கள் உண்டு. அவை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். அவற்றிற்கு மறதியால் தவறாக விடையளித்திருப்பினும் உடனே எழுத்து வழியே திருத்துதல் கடமையாகும். பின்னர் வழக்கறிஞராகப் பதிவு பெறுங்கால் ஒழுக்கமும் தகுதியும் ஆராயப்படும். அன்று சட்டப்பள்ளி விண்ணப்பத்தையும் வருவித்து ஒப்பிடுதல் கூடும். முன்பு நிகழ்ந்த சிறு குற்றத்தைக் காட்டிலும், அதை மறைத்த செயலே பெருந்தடையாக நிற்கும்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983-இல் ஏற்ற மாதிரி நடத்தை விதிகளுள் 8.1-ஆம் விதி இதனையே வலியுறுத்துகிறது. பதிவுக்கு விண்ணப்பிப்பவர் முதன்மையான செய்தியில் அறிந்து பொய் கூறலாகாது. எழுந்துள்ள தவறான எண்ணத்தை அறிந்தும் நீக்காது விடலாகாது என்பது அதன் கருத்து.

பெற்றோர் கடமையும் இங்கு உண்டு. எழுத்துப் பிழைக்காகப் பிள்ளையைக் கடிந்து கொள்வோர், "அதையெல்லாம் ஏன் எழுத வேண்டும், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றும் சில வேளை கூறிவிடுகின்றனர். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை அது. நீதிமன்றம் வழக்கறிஞரின் சொல்லை நம்பியே செவி சாய்க்கிறது. அந்நம்பிக்கைக்குரிய முதற்பயிற்சி விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது.

ஆகவே, ஒற்றெழுத்து விடுபட்டதற்காக உறக்கம் இழக்க வேண்டுவதில்லை. உண்மை விடுபட்டிருப்பின், அதைத் திருத்திய பின்னரே உறங்குதல் முறை.