நடுக்கத்தில் பிறந்த சொல்



'இன்ட்ரெபிட்' என்றால் அஞ்சாதவர். ஆங்கிலம் படித்த பலரும் அறிந்த சொல். முன்னால் நிற்கும் 'இன்'னைக் கழித்தால் 'ட்ரெபிட்', அஞ்சுகிறவர். அது அகராதியில் இருக்கிறது, பேச்சில் அநேகமாக இல்லை. மறுப்புச் சொல் செழித்தது, மூலச்சொல் மங்கிவிட்டது.

இலத்தீனில் 'ட்ரெபிடுஸ்' என்றால் பதறுகிற, பரபரக்கிற. நம் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'த்ரெபிதே' என்றால் அதிர்வது என்பார்கள். எந்திரம் ஓடும்போது தரை அதிர்கிறதே, அதற்கும் அந்தச் சொல்தான். பயம் உடம்பில் தெரிகிறது. நாமும் 'வெடவெடத்துப் போனேன்', 'குலை நடுங்கிவிட்டது' என்றுதானே சொல்கிறோம்? தொல்காப்பியர் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்தார். மெய்யில் படுவதால் மெய்ப்பாடு. எவ்வளவு துல்லியமான பெயர்!

அஞ்சாதவர் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருபவர், 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியார். ஆங்கிலேயரின் ஒற்றர்கள் இந்தத் தெருக்களில் அவரைக் கண்காணித்தார்கள். அவருடைய புதிய ஆத்திசூடியோ அச்சத்தை விலக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.