புயலைத் தேடிப் போகலாமா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையிற் பேசுமாறு செயலாளர் என்னை அழைத்தபோது, சமயத்தையோ இலக்கியத்தையோ பற்றிப் பேசுவேனென அவர் எண்ணியிருத்தல் கூடும். மிஷன் பாடசாலையிற் படித்து, இப்போது பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயிலும் எனக்கு அவ்விரண்டிலும் பெரியோர் முன் வாய் திறக்கத் துணிவில்லை. ஆகலின் காற்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். புயலைக் கண்ணாற் காணவேண்டுமென்று ஆசைப்படும் இளைஞன் எதை முதலிற் கற்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும், எப்போது வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதே என் பொருள்.

அந்த ஆசை எனக்கு உண்டு. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி புரெவிச் சூறாவளி கிழக்குக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. கடல் எப்படிக் கொந்தளிக்கிறது என்று பார்க்கவேண்டுமென ஒரு நண்பனுடன் சைக்கிளில் வாணர் பாலத்துக்குப் புறப்பட்டேன். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே கடலை ஊடறுத்துச் செல்லும் அந்தப் பாதையை அறியாதார் இங்கில்லை. பாதையின் நடுவை அடைந்தபோது ஒரு வீச்சு என்னைச் சைக்கிளோடு சரித்தது. திரும்பிச் செல்லச் சைக்கிளில் ஏற முடியவில்லை, உருட்டவும் முடியவில்லை. இருவரும் குனிந்து, தவழ்ந்து, அரை மணித்தியாலத்துக்கு மேலாக வந்து கரைசேர்ந்தோம். சைக்கிள் மறுநாள்தான் வீடு வந்தது.

படலையடியில் என் பேரனார் நின்றார். அடி விழுமென எண்ணினேன். அவர் ஏசவுமில்லை. “காத்து எந்தப் பக்கத்தாலை அடிச்சது, மோனை?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “பாக்கப் போனனி; அதைப் பாக்கேல்லையே?” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அதற்கு நான் தேடிய விடைதான்.

அமெரிக்காவிலே புயலைத் துரத்துவோர் என்று ஒரு சாரார் இருக்கின்றனர். டேவிட் ஹோட்லி என்பவர் 1956ஆம் ஆண்டிலே, வட டக்கோட்டாவில், இடிமுகில்களைத் தேடி மோட்டார் வண்டியிற் செல்லத் தொடங்கினார். அவரை இக்கலையின் முன்னோடி என்பர். பின்னர் விஞ்ஞானிகளும் இதில் இறங்கினர். டிம் சமாரஸ் என்னும் பொறியியலாளர் 2003ஆம் ஆண்டு, தென் டக்கோட்டாவில், வருகின்ற சுழல்காற்றின் பாதையிலே ஒரு கருவியை வைத்துவிட்டு விலகினார். சுழல் அதன்மேல் ஏறிச் சென்றபோது அமுக்கம் 100 மில்லிபார் வீழ்ந்ததை அக்கருவி பதிந்தது. அத்துணைத் திறமையும் எச்சரிக்கையும் உடைய அதே மனிதர், 2013ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி ஒக்லஹோமாவில் எல் ரீனோ என்னுமிடத்தில், தம் மகனுடனும் தோழர் ஒருவருடனும் உயிரிழந்தார். அன்றைய சுழல் நாலு கிலோமீற்றருக்கு மேல் அகன்று, எதிர்பாராத வகையில் திசையும் வேகமும் மாறியது.

இதை ஏன் கூறுகிறேன்? அங்கே துரத்துவதற்கு வசதியுண்டு. சமவெளியிலே சதுரங்கப் பலகைபோற் பாதைகள். சுழல் வலப்புறம் வந்தால் இடப்புறம் ஓடலாம். சில நிமிடங்களில் அது கடந்துவிடும். அப்படியிருந்தும் உயிர் போயிற்று. நம் சூறாவளியோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகன்றது. ஒரு பகலும் இரவும் நிற்பது. நமக்கு உள்ள பாதையோ கடல்மேல் ஒன்று. நயினாதீவாருக்கும் நெடுந்தீவாருக்கும் அதுவுமில்லை, படகு ஒன்றுதான். மலையோ மேடோ இல்லாத தட்டை நிலம். தீவிலே புயலைத் துரத்துவதென்பது கிணற்றுக்குள் ஓடி விளையாடுவது போன்றது.

ஆயினும் புயலை அறிவதற்கு அதன் பின்னே ஓடவேண்டியதில்லை. அது தானே நம்மிடம் வருகிறது. வருகையைக் காற்றே சொல்கிறது. 1848ஆம் ஆண்டு, கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்ரன் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் ‘சைக்குளோன்’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தார். வங்கக் கடலில் அடிபட்ட கப்பல்களின் குறிப்பேடுகளைத் தேடிப் படித்தே அவர் புயல் சுழல்கிறதென்று விளக்கினார். அவர் துரத்தியது காகிதத்தில்! சில ஆண்டுகளின் பின், ஒல்லாந்தராகிய பைஸ் பலற் இதைச் சுருக்கமான ஒரு விதியாக்கினார். நமது அரைக்கோளத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உமது இடக்கைப் பக்கம், சற்று முன்னாக இருக்கும்.

இனி நம்மூர்க் காற்றுகளை இவ்விதியிற் பொருத்துவோம். கார்த்திகை மார்கழியில் வாடை பலத்து வீசினால், வடக்குக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இடக்கை கிழக்கே நீளும். மையம் கிழக்கே, வங்கக் கடலில் இருக்கிறது; வருகின்றது. வாடை மெல்லத் திரும்பிக் கொண்டலானால் மையம் நமக்குத் தெற்கே செல்கிறது. வாடை மறுபுறம் திரும்பிக் கச்சானானால் மையம் நமக்கு வடக்கே செல்கிறது. திசை மாறாமல் காற்று மட்டும் ஓங்கி, அமுக்கமும் விழுந்துகொண்டே போனால்? மையம் நேரே நம்மை நோக்கி வருகிறது. இம்மூன்றையும் அறிந்தவனுக்குப் பாலத்துக்குப் போகவேண்டிய தேவையில்லை. தன் வீட்டு விறாந்தையிலிருந்தே புயலைத் தொடரலாம்.

என் பேரனார் இந்நூல்களைப் படித்தவரல்லர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி அவருக்குப் பதினெட்டு வயது. அன்று வாடை திரும்பிக் கொண்டலாகியதைக் கண்டு, “இது தெற்கால போகுது” என்று வீட்டிலிருந்த முதியவர் சொன்னாராம். உண்மையில் அச்சூறாவளி வவுனியாப் பக்கமாக இலங்கையைக் கடந்து, தலைமன்னாருக்கு அப்பால் தனுஷ்கோடியை நள்ளிரவில் அடித்தது. ஏறத்தாழ 7 மீற்றர் உயர்ந்த கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் புகையிரதம் தனுஷ்கோடியை அணுகும் வேளையில் அலையில் அமிழ்ந்து, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சைகை விளக்கு வேலைசெய்யாதிருந்தும் சாரதி சற்றுநேரம் காத்துவிட்டு வண்டியை நகர்த்தினாரென்று சொல்லப்படுகிறது. அவரைக் குறைகூற நான் யார்? பாலத்தின் நடுவிலிருந்து திரும்ப எண்ணியவன் நான்.

நிற்க. கருவிகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நான் படித்த பாடசாலையின் ஆய்வுகூடச் சுவரிலே பாரமானி ஒன்று தொங்கியது. அதை நாங்கள் பரீட்சைக்காக மட்டும் பார்த்தோம். நமது வெப்ப நாடுகளில் அமுக்கம் நாள்தோறும் கடல்போல ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நாலு மணியளவில் தாழ்வு, இரவிலும் அவ்வாறே. வித்தியாசம் ஏறக்குறைய 3 மில்லிபார். இதை அறியாதவர் ஒவ்வொரு மாலையும் புயல் வருகிறதென்று பயப்படுவர். ஆகவே இன்றைய நாலு மணியை நேற்றைய நாலு மணியோடுதான் ஒப்பிடவேண்டும். அந்நேரத்துக்குரிய வழக்கமான அளவினின்று 3 மில்லிபார் குறைந்தால் ஐயுறுக, 5 குறைந்தால் ஐயமேயில்லை என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. இப்போது சில கைத்தொலைபேசிகளிலேயே அமுக்கத்தை அளக்கும் உறுப்பு உண்டு. பையிற் பாரமானியை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறோம்!

மழையை அளக்க நேரான பக்கங்களுள்ள ஒரு தகரப்பேணியும் அடிமட்டமும் போதும். மரத்துக்கும் சுவருக்கும் எட்ட, திறந்த வெளியிலே அதை வைத்து, காலை 8.30க்கு அளந்து எழுதிவிட்டு ஊற்றிவிட வேண்டும். மழையை அற்பமாக எண்ணவேண்டாம். 2008ஆம் ஆண்டு நிஷா யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வாவில் காற்றைவிட வெள்ளமும் மலைநாட்டு மண்சரிவுகளுமே உயிர்களைக் கொண்டன.

காவல் பற்றி இளைஞர்க்குச் சில வார்த்தைகள். மின்னலைக் கண்டு இடியோசை வரும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் போகவேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணித்தியாலம் வெளியே வரலாகாது. தனிப்பனையின் கீழ் ஒதுங்குவது மின்னலுக்கு அழைப்பிதழ் அனுப்புவதாகும். நெடுந்தீவின் வெட்டவெளியில் நிற்பவனோ தானே பனையாகிறான். தாமதியாமல் கூரையுள்ள கட்டிடத்தைத் தேடவேண்டும். சூறாவளியிலே காற்றுத் திடீரென அடங்கி வானம் வெளித்தால், முடிந்ததென்று வெளியே வந்துவிடாதீர்கள். அது மையமாயிருக்கலாம், பின்னர் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தோடு காற்று வரும். வாடைக்கு வடகரை ஆபத்து, கொண்டலுக்குக் கீழ்க்கரை ஆபத்து. காற்றுத் திரும்பும்போது, பாதுகாப்பென்று வள்ளத்தை ஏற்றிவைத்த கரையே பகைக்கரையாகலாம். ஆளில்லாது பாழ்பட்ட வீடுகள் நம் தீவுகளில் ஏராளம். அவற்றின் ஓடுகள் கத்திபோற் பறக்கும். அவ்வொழுங்கைகளால் அன்று நடக்கலாகாது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலுக்கு மேலாக நம் கணக்கை வைக்கவும் கூடாது. அவர்களிடம் செய்மதிப் படம் உண்டு. காரைக்காலில் இந்தியரின் றேடார் நம் கடலையும் பார்க்கிறது. நம் கையிலுள்ள விதி, வானொலி மௌனமாகி, மின்சாரமும் தொலைபேசியும் அற்ற இரவுக்கானது. இணைப்பு இருக்கும்வரை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கடலோடிய உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்தக் காற்று, எப்படித் திரும்பியது, நீர் எந்த வேலிவரை வந்தது என்பவற்றை எழுதிவைக்க ஆளில்லாமலே எத்தனையோ போய்விட்டது. என் பேரனார் சொன்னவற்றை நான் எழுதத் தொடங்கியதே சென்ற வருடந்தான். அவருக்குக் காது மந்தம். ஒவ்வொரு கேள்வியையும் மும்முறை கேட்கவேண்டியிருக்கிறது.

சங்கத்தின் வாசிகசாலை மேசையில் இன்று ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, நேரம், காற்றின் திசை, அமுக்கம், மழை என்று ஐந்து நிரல் கோடிட்டிருக்கிறேன். பின்பக்கத்திலிருந்து பழைய புயல்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். பாரமானிக்குப் பணம் சேரும்வரை என் கைத்தொலைபேசியே உதவும். நான் வளாகத்தில் இருக்கும் நாட்களுக்கு உயர்தர வகுப்பு மாணவர் இருவர் பொறுப்பேற்றுள்ளனர். குறிகட்டுவானிலிருந்து படகேறும் நயினாதீவு, நெடுந்தீவு அன்பர்கள் தத்தம் ஊரில் இதுபோல ஒன்று வைத்தால், மூன்று தீவுகளின் காற்றையும் ஒப்பிட்டு வரும் மார்கழிப் புயலின் பாதையை நாமே வரையலாம். இன்று காலை 8.30க்குரிய வரியை எழுதிவிட்டேன். மழை இல்லை, காற்று, வாடை.