நாவும் நெஞ்சும்



ஆலயத்தில் வாய் பாடுகின்றது. மனமோ வீட்டுக் கடனை எண்ணுகின்றது. இறைவன் இங்கிருக்கிறார் என்பதை உணர முடியவில்லையே என்று பக்தன் ஏங்குகின்றான். அவ்வேக்கத்திற்கு ஊவா மலைநாட்டிலேயே ஒரு விடை உண்டு.

வெலிமடைக்குத் தெற்கே, அப்புத்தளை மலைமீது அடிசம் என்னும் கருங்கல் மாளிகை நிற்கின்றது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்பார் 1931ஆம் ஆண்டில் தம் வாசத்திற்கென எழுப்பிய அம்மாளிகையை, 1961ஆம் ஆண்டில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் வாங்கி மடமாக்கினர்.

ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கு நூல், சங்கீதம் ஓதும் முறையை விளக்குகின்றது. எங்குமுள்ள இறைவனின் திருமுன்னிலையில் நிற்கிறோம் என்பதை, ஓதும் வேளையிற் சிறப்பாக நம்பல் வேண்டும். நா செல்லும் வழியே நெஞ்சும் செல்லல் வேண்டும். நீண்ட செபத்தை அந்நூல் வற்புறுத்தவில்லை. சுருக்கமும் தூய்மையுமே அது நாடுவன.

கண் ஒருபுறமும் கை ஒருபுறமுமாகப் போனால், கொழுந்தோடு முற்றிய இலையும் கூடையிற் சேரும் என்பதைத் தோட்டத்துப் பெண்கள் நன்கறிவர். வழிபாடும் அத்தகையதே. பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு சங்கீதத்தை மனமூன்றிச் சொல்லும் தாய்க்கு, மடத்துத் துறவியின் பேறு எட்டாததன்று.

உணர்வு வறண்ட நாட்களும் வரும். விலகிய மனத்தை அன்று மீண்டும் மீண்டும் அழைத்து வருதலே அந்நாளின் காணிக்கை.