பட்டினிக்குப் பின் சோறு

ரப்பர் கன்றுக்கும் செம்பனைக்கும் போடுகிற ராக் பாஸ்பேட் உரத்தை அறியாத தோட்டத்தவர் இருக்க முடியாது. கிறிஸ்மஸ் தீவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து நம் முதுகை வளைத்த சரக்கு அது. அதிலுள்ள பாஸ்பரஸ் சத்து நம் உடம்பிலும் உண்டு. வளர்ந்த ஓர் ஆளிடம் ஏறத்தாழ 700 கிராம். நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி தசை முதலிய உறுப்புகளுக்குள் பாஸ்பேட்டாக இருந்து, நடக்கவும் மூச்சு விடவும் வேண்டிய சக்திக்கு உதவுகிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம்.

நாளொன்றுக்கு வேண்டியது 700 மில்லிகிராம். நெத்திலி, முட்டை, பருப்பு, பால் என்று தட்டில் விழுகிற வீட்டில் இதற்குக் குறைவு வராது. கூடினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். வேளா வேளைக்குச் சாப்பிடுகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியவர் வேறொருவர். ஒரு வாரம், பத்து நாள் சம்சுவே கதியென்று கிடந்து, சோற்றைத் தொடாமல் மெலிந்தவர். நெடுநாள் நோயில் கஞ்சிகூட இறங்காமல் கிடந்த பாட்டியும் அப்படித்தான். இவர்கள் கண்ணைத் திறந்து "பசிக்கிறது" என்றதும் நம் மனம் குளிர்ந்துவிடுகிறது. குவித்த சோறும் சீனி கரைத்த தேநீருமாகக் கொடுக்கிறோம். ஆபத்து அங்கேதான். மாவுச் சத்தும் சீனியும் உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கிறது. இரத்தத்திலுள்ள கொஞ்சநஞ்ச பாஸ்பேட்டும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகிறது. சில நாட்களுக்குள் கைகால் சோர்ந்து, மூச்சு வாங்கி, நினைவு குழம்பி, இதயத் துடிப்பே தவறலாம். 1945-இல் ஐரோப்பிய வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர், பட்டினியைத் தாண்டி வந்தும், திடீரென்று கிடைத்த உணவால் மாண்டார்கள். நம்மிடையே என்றால் "குடி கொண்டுபோயிற்று" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாதவரை, எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். வண்டி வரும்வரை, நினைவு தெளிவாக இருந்தால், சில மடக்குக் கஞ்சித் தண்ணீர் போதும். எத்தனை நாள் சாப்பிடவில்லை, குடி உண்டா என்பதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லவேண்டும். சொன்னால்தான் அவர் இரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் பி1 கொடுத்து, குறைந்த பாஸ்பேட்டை ஈடுசெய்து, உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்.

வயிற்றெரிச்சலுக்கு அலுமினியம் கலந்த மாத்திரையை மாதக்கணக்கில் மெல்லுவோருக்கும் ஒரு வார்த்தை: அது உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். அதற்காகப் பாஸ்பேட் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவும் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இச்சத்து கூடுவதுதான் தொல்லை. அவர் நெத்திலியைக்கூட டாக்டரைக் கேட்டே சாப்பிடவேண்டும்.